ரீலும் என் கட்டைவிரலும்

எல்லாம் கட்டைவிரலில்தான் இருக்கிறது என்று அந்த யூடியூப்காரன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தலையில் திருப்பிப் போட்ட தொப்பி, கையில் விரல் வெட்டிய உறை, கறுப்புக் கண்ணாடி. தூண்டில் போட வந்தவனா, சண்டைக்குக் கிளம்பியவனா என்று சொல்ல முடியாது. கட்டைவிரல் பழகிவிட்டால் பெய்ட்காஸ்டிங் என்கிற இந்தத் தூண்டில் ரீல் நீங்கள் சொன்னபடி கேட்கும் என்றான். கைவேலையைப் பற்றி யாரிடம் பேசுகிறாய் தம்பி என்று நினைத்துக்கொண்டேன். நான் துறைமுகத்தில் இருபது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவன்.

துறைமுகத்துக்குள் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பலை ஒட்டி நிற்கும் பெரிய கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை இருக்கும். அதில் உட்கார்ந்து, இரண்டு கைக்கும் ஒவ்வொரு பிடியை வைத்துக்கொண்டு, காலடிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தபடி, இரும்புக் கன்டெய்னர் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி டிரெய்லர் லாரியில் இறக்க வேண்டும். கீழே ஆட்கள் நடமாடுவார்கள். விரல் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான் வேகம். என் கையில் பெட்டி பூப்போல உட்காரும் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைப் பரப்பியதே நீங்கள்தான் என்பாள் என் மனைவி. பாதி உண்மை.

அந்தப் பேருக்கு ஒரு டிரெய்லர் டிரைவரால் பங்கம் வந்தது. துறைமுக வாசல் டீக்கடையில் பத்துப் பேர் நிற்கும்போது, டீயை ஊதிக்கொண்டே சொன்னான்.

"முன்னல்லாம் நீங்க பெட்டிய வைப்பீங்க அண்ணாச்சி. இப்ப போடுதீங்க. முதுகெலும்பு எகிறுது."

"ஒன் சீட்டுல பஞ்சு இல்லலே. அதுக்கு நான் என்ன செய்ய?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. மூன்று மாதத்தில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வேறு இருந்தது. அதில் தேறாதவர்களைக் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். அங்கே உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஹெல்மெட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்படி இறங்கியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். சட்டி வியாபாரிகள் என்றுதான் நான் அவர்களைச் சொல்வேன், அவர்கள் காதுபடவே. நானும் அந்த வரிசையில் போய் உட்காருவதா?

ஆக, என் கை பழைய கைதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. யாருக்கு என்றால் எனக்குத்தான். அந்த வாரமே யூடியூப்காரன் சொன்ன ரீலை வரவழைத்தேன்.

சாதாரண ரீல் ஒன்று உண்டு. அதில் நைலான் சுற்றிய உருளை அசையாமல் நிற்கும், நைலான் மட்டும் உருவிக்கொண்டு போகும். எல்.கே.ஜி. பிள்ளைகூட வீசிவிடும். அதை வைத்துக்கொண்டுதான் எங்கள் ஊர் முயல்தீவுக் கடற்கரையில் பாதிப் பேர் வீரம் பேசுகிறார்கள். பெய்ட்காஸ்டிங் ரீலில் உருளையே சுற்றும். வீசிய ஈயக்குண்டு காற்றில் வேகம் குறையும்போது உருளைக்கு அது தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றி நைலானைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலை உருளைமேல் பட்டும் படாமலும் வைத்திருந்து, சரியான நேரத்தில் லேசாகத் தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் சிக்கு.

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முதல் வீச்சு. ஈயக்குண்டு தண்ணீர்த்தொட்டி வரைக்கும் போய் டொக்கென்று விழுந்தது. ரீலைப் பார்த்தால், பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை உள்ளே திணித்து வைத்த மாதிரி இருந்தது. இதைப் பறவைக்கூடு என்று சொல்கிறார்கள் அந்தத் தொப்பிக்காரர்கள். எந்தப் பறவையும் இவ்வளவு கேவலமாகக் கூடு கட்டாது.

இரண்டாவது வீச்சும் அப்படியே. மூன்றாவது, பத்தாவது, இருபதாவது, எல்லாம் அப்படியே. நைலான் மட்டம் என்று வேறு நைலான் வாங்கினேன். வெள்ளை நிறத்தில் பின்னல் நைலான், வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. சிக்கும் வழவழவென்று விழுந்தது. ரீலில் தடை வைக்கும் திருகு ஒன்று உண்டு. அதை இந்தப் பக்கம் திருகினேன், அந்தப் பக்கம் திருகினேன். எண்ணெய் விட்டேன். வாடைக்காற்றைத் திட்டினேன். மாடியின் கைப்பிடிச் சுவர் உயரம் சரியில்லை என்றுகூடச் சொன்னேன்.

என் மனைவி சாயர்புரத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளின் சாக்குப்போக்கைக் கேட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவள். கொண்டை ஊசியால் சிக்கை எடுத்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்றாள்.

மாடி சரிப்படாது, கடலுக்கே போவோம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் முயல்தீவுக்குப் போக ஆரம்பித்தேன். முத்துக்குளித்த கடல் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசுகிற ஊர் இது. முத்தை நான் நகைக்கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தக் கரையில் ஞாயிறு காலையில் நிற்கிறவர்கள் பாதிப் பேர் பேங்க் ஆபீசர்கள், மீதிப் பேர் பைக் ஷோரூம்காரர்கள். இரண்டு மாதச் சம்பளத்துக்கு ராடும் ரீலும் வாங்கியிருப்பார்கள். விரல் நீளத்துக்கு ஒரு கிழங்கான் மீன் மாட்டும். அதைக் கேமராவுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, சுறாவைப் பிடித்த முகத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு வாட்ஸ்அப் குழுவில் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்வார்கள்.

ஒருநாள் வேலை முடித்துத் திரும்பிய ஃபைபர் போட் ஒன்று கரையை ஒட்டிப் போனது. அதிலிருந்த மீனவர் எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி, மார்க்கெட்டுல அரைக்கிலோ வாங்கினா வெயிலுக்கு முன்னாடி வீடு போய்ச் சேரலாம்லா?" என்றார். நான் மட்டும் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தேன். நானும் அதே வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

அந்த வரிசையில் என் எரிச்சலை அதிகம் கிளப்பியவர் இரும்புக்கடை அண்ணாச்சி. டவுனில் அவர் கடையில்தான் நான் ஆணி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் வாங்குவது. வேட்டியை மடித்துக் கட்டி, தொப்பை ஒரு பக்கம், ராடு ஒரு பக்கமாக நிற்பார். கையில் என்னுடையதைப் போலவே பெய்ட்காஸ்டிங் ரீல். ராடைப் பின்னால் கொண்டுபோய்ச் சோம்பல் முறிக்கிறவர் போல முன்னால் விடுவார். ஈயக்குண்டு எங்கோ தொலைவில் போய்ச் சத்தமில்லாமல் இறங்கும். சிக்கு என்பதே கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆணி நிறுத்துப் போடுகிற கைக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

ஒரு ஞாயிறு, அன்றைய என் ஏழாவது சிக்கைப் பார்த்துவிட்டு அவராகவே பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. நைலான் தளரும்போது வெரலுக்கு அடியில லேசா உப்பும் பாத்துக்கிடுங்க. பால் பொங்கி வாரப்ப மூடியத் தூக்கும்லா, அந்த மாதிரி. அப்ப தொட்டாப் போதும், நின்னுரும்."

"தெரியும் அண்ணாச்சி," என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நான்கு ஞாயிறும் அந்த உப்பலை எதிர்பார்த்து நின்றேன். விரலுக்கு அடியில் உப்பவும் இல்லை, பொங்கவும் இல்லை. சிக்கு விழுந்த பிறகு கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆள் சும்மா கதை விடுகிறார், வியாபாரிக்குப் பேச்சுக்கா பஞ்சம் என்று முடிவுகட்டினேன்.

ஐந்தாவது ஞாயிறு எனக்கு ஒரு யோசனை வந்தது. உப்புவதைப் பார்த்துத் தொடுவானேன்? எடுத்த எடுப்பிலிருந்தே கட்டைவிரலை உருளைமேல் அழுத்தி வைத்துவிட்டால்? அப்படியே வீசினேன். சிக்கு விழவில்லை. இன்னொன்று வீசினேன், விழவில்லை. தூரம் அண்ணாச்சியின் வீச்சில் பாதிகூட இல்லைதான். ஆனாலும் சிக்கு இல்லை. இருபது வீச்சு வீசினேன், இருபதும் சுத்தம். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. அந்த டிரெய்லர் டிரைவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. "உப்புறதாவது கிப்புறதாவது" என்று அண்ணாச்சி காதில் விழும்படி சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். ரீலைப் பார்த்தபடியே கிட்டே வந்தார்.

"வெள்ளை நைலான்தான வச்சிருந்தீங்க? செவப்பா இருக்கு."

குனிந்து பார்த்தேன். உருளை முழுக்கச் சிவப்பு. கட்டைவிரலில், வெந்நீரில் போட்ட தக்காளி போலத் தோல் உரிந்து சுருண்டிருந்தது. பின்னல் நைலான் அறுத்து அறுத்துக் கீழே சதை தெரிந்தது. ரத்தம் மணிக்கட்டுவரை வழிந்து சட்டைக் கைக்குள் போயிருந்தது.

"எரியலையா அண்ணாச்சி?"

"கொஞ்சம் எரியத்தான் செய்யுது," என்றேன். பொய்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அலைக்குக் கூட்டிப்போய், கையைக் கடல்தண்ணீரில் முக்கினார். உரிந்த சதையில் உப்புத்தண்ணீர் பட்டால் எவனும் குதிப்பான். நான் வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விரலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். அதுவரை அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் எனக்கே அசிங்கமாக இருந்தது.

வீட்டில் மனைவி மருந்து போட்டுக் கட்டினாள். அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். அவளிடம் பொய் எடுபடாது. "கண்ண மூடுங்க" என்றாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்வது போல. மூடினேன். வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்த வெரலத் தொடுதேன்?"

"சுண்டு வெரல்."

"சரி. இப்ப?"

காத்திருந்தேன். தெருவில் தண்ணீர் லாரி போனது.

"தொடேன்," என்றேன்.

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். கொண்டை ஊசியின் முனை என் ஆள்காட்டி விரலில் பள்ளம் விழ அழுந்தியிருந்தது. அதை எடுத்த பிறகும் அவள் என் கையை விடவில்லை.

"இந்த மாசத்துல மூணு கண்ணாடி டம்ளர் ஒடச்சீங்க. நான் கோவத்துல போடுதீங்கன்னுல்லா நெனச்சேன்," என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பத்து வருடமாக எனக்குச் சர்க்கரை உண்டு. பரிசோதனைக்கு நான்கு நாள் முன்னால் சோற்றை நிறுத்தி, மாலையில் இரண்டு மணி நேரம் நடந்து, டாக்டரை ஏமாற்றிவிடுவேன். அவர் விரலைத் தட்டிப் பார்த்து உணர்ச்சி இருக்கிறதா என்பார். இருக்கிறது என்பேன். அவரும் எழுதிக்கொள்வார். என்ன டாக்டர் இவர், சொன்னதை எழுதுகிறார் என்று வெளியே வந்து கேலி செய்வேன். இந்த வருடமும் அப்படியே சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அன்று பகல் முழுவதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மனைவி என்னைப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது, "கீழ ஆளுக நிப்பாங்கள்லா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். கிரேன் ஏணிவரை போனேன். முதல் கம்பியில் கையை வைத்துப் பார்த்தேன். அது வெயிலில் சுடுகிறதா, குளிர்ந்து கிடக்கிறதா என்று, கட்டுக்குள் இருந்த கட்டைவிரலை விடுங்கள், அதன் பக்கத்து விரல்களுக்கே தெரியவில்லை. சுண்டுவிரல்தான் சொன்னது, சுடுகிறது என்று. திரும்பி ஷிப்ட் இன்சார்ஜ் அறைக்குப் போனேன். ஏசியை விட்டு வெயிலுக்கு வராத ஆள் என்று நான் நையாண்டி செய்கிறவர் அவர்.

"கையில உணர்ச்சி இல்ல சார். இன்னைக்கு மேல ஏறல," என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். சிரித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு பாரத்தை எடுத்தார், பேனாவைத் திறந்தார்.

"எத்தன நாளா அண்ணாச்சி?"

கண்ணாடிக்கு வெளியே அடுத்த கிரேன் வேலை செய்துகொண்டிருந்தது. பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டு போனது. அதற்குச் சற்றுத் தள்ளி இரண்டு பேர் எதையோ பேசிச் சிரித்தபடி நடந்து போனார்கள். அவர்கள் மேலே பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி, எத்தன நாளா?"

தெரியவில்லை என்றேன். சனிக்கிழமைவரை அவர்கள் தலைக்கு மேலே பெட்டி தூக்கியவன் நான்.