ஒரே வரியில் ரெண்டு பேர்

போன வாரம் என் கம்ப்யூட்டர் என்னோடு மல்லுக்கு நின்றது.

அது என் மகள் சுமதி விட்டுப்போன கம்ப்யூட்டர். அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸை ஏற்றி வைத்தவளும் அவள்தான். தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிய ஒரு புது மென்பொருள் போடப் பார்த்தேன். அதற்கு 'ஜிலிப்சி' என்ற அடிப்படைத் தொகுப்பின் புதிய பதிப்பு வேண்டுமாம். அது இல்லாமல் லினக்ஸில் எதுவுமே ஓடாது. போட்டேன். அதன் கூட்டாளியான 'ஜிலிப்சி காமன்' முதலில் வரட்டும் என்றது. சரி, அதைப் போட்டேன். ஜிலிப்சி முதலில் வரட்டும் என்றது!

நாள் முழுக்க இதே கூத்து. "ஜிலேபி வந்துச்சுங்களா?" என்று கேட்டபடி மனைவி காபி வைத்துவிட்டுப் போனாள்.

பீங்கானுக்குப் பேர்போன எங்கள் விருத்தாசலத்தில் அதைப் பற்றிச் சந்தேகம் என்றால் தெருவுக்கு ஒருவர் பதில் சொல்வார். லினக்ஸுக்கு யாரிடம் போவது? எனக்குத் தெரிந்தது சுமதி ஒருத்திதான். சென்னையில் இருக்கிறாள். நாங்கள் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

தப்பு என்னுடையது. எங்களைக் கேட்காமல் செல்வத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். தீபாவளிக்கு வா, நீ மட்டும் வா என்றேன். அவர் இல்லாமல் வரமாட்டேன் என்றாள். மாமனார் கூப்பிடாமல் வரமாட்டேன் என்றார் அவர். மகள் முதலில் வரட்டும், அப்புறம் அவரை அழைக்கலாம் என்று நான்... படித்தவன் செய்கிற வேலையா இது?

தலை தீபாவளிக்கென்று மனைவி எனக்குத் தெரியாமல் எடுத்த பட்டு வேட்டி, மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கிறது.

போன் போட்டேன். அவள் 'அலோ' என்றாள். ஜிலிப்சியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

கேட்டுவிட்டுச் சொன்னாள்: "தனித்தனியா கூப்புட்டா வராதுப்பா. ரெண்டு பேரையும் ஒரே வரியில குடுக்கணும்."

கம்ப்யூட்டரைத்தான் சொன்னாளா?

இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் அடித்து எண்டர் தட்டினேன். முணுமுணுப்பே இல்லாமல் இரண்டும் உள்ளே போயின. யார் முதலில் என்று பார்த்தே எத்தனை வீடுகளில் கதவு சாத்திக் கிடக்கிறது!

மறுபடி கூப்பிட்டேன். "போட்டாச்சும்மா," என்றேன். அவள் போனை வைக்கப் போனாள். "சுமதி... பொங்கலுக்கு நீயும் மாப்புளயும் வூட்டுக்கு வாங்க."

"அவருகிட்ட சொல்றேம்பா," என்றாள். குரல் உடைந்திருந்தது.

மனைவி வேட்டியை எடுத்து பீரோ வாடை போக நிழலில் காற்றாட விரித்திருக்கிறாள். மாப்பிள்ளையின் பதில் வருமா என்று நான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு எண்டரில் ஏற்றுக்கொள்ள அவர் என்ன கம்ப்யூட்டரா?