ஜெர்மனித் துணி என்று சொன்னேன்

துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கிறவர்களில் இரண்டு வகையினரை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. முதலாவது வகை, அளவாக வெட்டிப் பெட்டியில் அடுக்கி வரும் துண்டுகளை வாங்கி, எண் பார்த்துத் தைத்துவிட்டு, எல்லாம் தங்கள் கைவேலை என்று முகநூலில் படம் போடுகிறவர்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று மண்டையைப் போட்டு உடைப்பதுதான் இந்த வேலையில் பாதி. அதை ஒரு கம்பனியிடம் விட்டுவிட்டால், மிச்சம் இருப்பது மெசினை நேராக ஓட்டுவது மட்டும். இரண்டாவது வகையினர் இவர்களைவிட மோசம். சின்னத் துணிக்கடைக்குள் வந்து, சுருளை இழுத்து, விரலால் தடவிப் பார்த்து, துணியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் பெயரைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் மலிவாக வரவழைப்பவர்கள். கடைக்காரியின் வெளிச்சத்தில், கடைக்காரியின் அலமாரியில் தெரிவு செய்துவிட்டு, லாபத்தை வேறு எவனுக்கோ கொடுப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

இதையெல்லாம் ஆறு வருடமாக, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தவள் நான். சின்னக் கடைகளை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று தொண்டைத்தண்ணீர் வற்றக் கதைத்திருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் டெனிஷ்காரப் பெண்கள். அவர்கள் ஏற்கனவே நான் போகிற சின்னக் கடையில் துணி வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ரண்டர்ஸ் நகரத்தின் நடைபாதைத் தெருவின் கடைசியில் இருந்தது அந்தக் கடை. முன்னறை முழுவதும் பருத்தித் துணிச் சுருள்கள், நடுவில் வெட்டும் மேசை. பின்னறையில் நீளமான இன்னொரு மேசை. செவ்வாய்க்கிழமைகளில் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை அதைச் சுற்றி நாங்கள் எட்டுப் பேர் இருந்து தைப்போம். கடைக்காரிக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். வாங்காமல் போகிறவர்களுக்கும் வாசல்வரை வந்து கதவு திறந்துவிடுவார்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு கட்டிலில் கிடந்த போர்வையை மடிக்கும்போதுதான் முதன்முதலாகக் கவனித்தேன். நூற்றுக்கணக்கான முக்கோணங்கள், ஒரு மூலைகூடப் பிசகவில்லை. அடுத்த கிழமையே கடையைத் தேடிப் போனேன். வீட்டில் என் கணவர் சிரித்தார். "நல்ல துணியைக் காசு குடுத்து வாங்கி வெட்டிறீர். பிறகு அதையே திருப்பித் தைக்கிறீர். உமக்கென்ன விசரே?" என்றார். சொந்தக்காரர் ஒருவரின் பிள்ளைக்கு, பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன். நான்கு மாத வேலை. பிள்ளையின் அம்மம்மா விரித்துப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்போட்ட துணியே?" என்று கேட்டா. சில மாதங்கள் கழித்து அதை அவர்களுடைய காரின் பின்பக்கத்தில், மரக்கறிப் பெட்டிக்குக் கீழே கண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் இருந்தது.

அதன் பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை மேசையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அங்கே என் மூலைகளைப் பார்த்து வாய் பிளந்தார்கள். மகளுக்கு எப்போது கலியாணம் என்று யாரும் கேட்கவில்லை. முறை வைத்துக் கேக் கொண்டுபோவோம். என் முறை வந்தால் நான் கறுவாப்பட்டை போட்ட அவர்களுடைய கேக்கைத்தான் செய்து கொண்டுபோனேன். ஆறு வருடத்தில் ஒருநாளும் ஒரு வடை அந்த மேசைக்குப் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மற்றவர்கள் போனபிறகு நூல் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கடைக்காரி கேட்டார்:

"உங்கள் ஆட்களில் தைக்கிற பெண்கள் இல்லையா? இந்த ஊரில் நிறையக் குடும்பங்கள் இருக்கின்றனவே. இந்தக் கடையைப் பற்றி அவர்களிடம் சொல்லேன். இந்த வருடம் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது."

"கட்டாயம் சொல்கிறேன்" என்றேன்.

நான் சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் துணி வாங்குவது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பெரியவளான பெண்பிள்ளைக்கு ஒரு சாமத்திய வீடு என்றால் மண்டபத்து மேசை முழுவதும் ஒரே நிறத் துணி விரிக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் திரை வேண்டும். நடனப் பிள்ளைகளுக்கு உடுப்பு, கோயில் திருவிழாவுக்குச் சோடனை. வேன் எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய் அள்ளிக்கொண்டு வருவார்கள். அதில் கால்வாசி அந்தக் கடைக்கு வந்திருந்தாலே அவருக்கு மூச்சு வந்திருக்கும்.

ஆனால் அவர்கள் வந்தால் எப்படி வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒருத்திக்கு வாங்க நான்கு பேர் வருவார்கள். இருபது சுருளை விரித்துப் போட்டுவிட்டு, வேறு நிறம் இல்லையா என்று கேட்பார்கள். விலை எழுதி ஒட்டியிருக்கும் பொருளுக்குப் பேரம் பேசுவார்கள். சப்பாத்துக் கடை ஒன்றில் என் மச்சாள் அப்படிப் பேசியபோது, நான் அவளைத் தெரியாதவள்போல் வெளியே போய் நின்றிருக்கிறேன். அந்த மேசையில் நான் ஒருத்திதான் தமிழ். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் உண்மை இதுதான்.

அந்த வருடமே ஒரு சாமத்திய வீட்டில், நடனப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கிற பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து இருந்தாள். என் தோள்பையைத் தடவிப் பார்த்தாள். நானே தைத்தது, சின்னச் சின்ன மாதுளம்பழங்கள் அச்சிட்ட, அந்தக் கடையில் வாங்கிய மஞ்சள் துணி.

"அக்கா, இந்தத் துணி எங்க எடுத்தனீங்கள்?"

"ஜெர்மனியில. இஞ்ச எங்க இதெல்லாம் கிடைக்கப்போகுது" என்றேன், ஒரு கணமும் யோசிக்காமல்.

கடைக்காரி பிறகு ஒருமுறை கேட்டார், சொன்னாயா என்று. "சொன்னேன். அவர்களுக்குத் தைக்க நேரமில்லையாம்" என்றேன். அவர் தலையாட்டினார். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து, இலையுதிர் காலத்தில், கதவில் அறிவிப்பு ஒட்டினார். கடை மூடப்படுகிறது, எல்லாம் பாதி விலை. செவ்வாய்க்கிழமை மேசையில் நான்தான் அதிகம் கொதித்தேன். இணையத்தைத் திட்டினேன், பெரிய கடைகளைத் திட்டினேன், படம் பிடிக்கிறவர்களைத் திட்டினேன். கடைக்காரி என் தோளில் தட்டி, "நீ எப்போதும் எங்கள் பக்கம் நின்றவள்" என்றார்.

பாதி விலை விற்பனையின் முதல் சனிக்கிழமை உதவிக்குப் போயிருந்தேன். பதினொரு மணிபோல வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. எங்கள் பெண்கள் ஏழு பேர். யாரோ முகநூலில் அறிவிப்பைப் பார்த்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே வந்ததும் நான் பயந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்தார்கள். சுருள்களை மேசையில் மலைபோல் குவித்தார்கள். பாதி விலையிலும் பேரம் பேசினார்கள். "பத்து மீற்றர் எடுக்கிறோம், ஒரு மீற்றர் சும்மா தாருங்கள்" என்று ஒருத்தி டெனிஷில் கேட்டாள்.

கடைக்காரி வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அந்த ஒரு மீற்றரையும் கொடுத்தார். பின்னறைக்குப் போய் இன்னும் சுருள்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதற்கு இந்தத் துணி, யார் உடுத்துவது என்று கேட்டுக் கேட்டு வெட்டினார். யாரோ ஒருத்தி காரிலிருந்து, கிழங்கு அடைத்துப் பொரித்த பற்றிஸ் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து வெட்டும் மேசையிலேயே திறந்து வைத்தாள். அவர் இரண்டு சாப்பிட்டார், உறைப்பில் கண்ணில் தண்ணீர் வர இன்னொன்றும் எடுத்தார்.

உடுப்புத் தைக்கிற அந்தப் பெண் அலமாரியடியில் நின்றாள். கையில் மாதுளம்பழம் அச்சிட்ட மஞ்சள் சுருள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் துணி மடிக்கத் தொடங்கினேன்.

"இவ்வளவு தைக்கிறீர்களே!" என்றார் கடைக்காரி அவர்களிடம். பிறகு என்னைக் காட்டி, "உங்களிடம் சொன்னதாகவும், உங்களுக்கு நேரமில்லை என்றதாகவும் அல்லவா இவள் சொன்னாள்?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி, "எங்களுக்கு ஒருதரும் சொல்ல..." என்று தமிழில் தொடங்கினாள். உடுப்புத் தைக்கிறவள் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆமாம், சொன்னா" என்றாள் டெனிஷில், தெளிவாக. "எத்தனையோ தரம் சொன்னா. நாங்கள்தான் இன்றைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டோம்."

கடைக்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது. "இரண்டு வருடம் முதலே வந்திருந்தால் நான் இதை மூட வேண்டி வந்திருக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள் அந்தப் பெண். மற்றவர்களும் தலை குனிந்து நின்றார்கள். நான் மடித்த துணியையே விரித்துத் திரும்பவும் மடித்தேன்.