குண்டாவின் வயிறும் கால் டம்ளர் பாலும்

போன வாரம் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் மேல்வீட்டுத் தம்பதி ஒரு நாய்க்குட்டியோடு ஏறினார்கள். பிறந்து ஒன்றரை மாதம் இருக்கும். "பாருங்க, எப்படி கொழுகொழுன்னு இருக்கான்!" என்று அந்தக் கணவர் பெருமையாக நீட்டினார். மற்றவர்களாக இருந்தால் கொஞ்சியிருப்பார்கள். நான் குட்டியின் மேலுதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பார்த்தேன். பிறகு வயிற்றை அழுத்திப் பார்த்தேன். "புழு மருந்து குடுத்தாச்சா?" என்று கேட்பதற்குள் அவர்கள் மாடி வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த அம்மா என்னைக் கண்டால் படியேறிப் போகிறார்.

என்ன செய்வது, சொல்லுங்கள். உருண்டை வயிற்றோடு ஒரு குட்டியைப் பார்த்தால் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது, எனக்கு அதன் ஈறைப் பார்க்கத்தான் கை போகிறது. அதன் வாயில் அடிக்கும் புளித்த பால் வாசனை பட்டதும், சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறைக்குப் போய்விடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, ஓசூரில் செல்போன் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன். அறையில் மூன்று பேர். நாட்றாம்பாளையத்து மலைக்கார மாதேவி, கிருஷ்ணகிரி ரஹ்மத், நான். மூவருக்கும் மூன்று ஷிப்ட். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினாலும் ஒன்றாகச் சேர்ந்ததே இல்லை. ஒருத்தி எழுந்த பாயின் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தி படுப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்றைக்குத்தான் மாதேவிக்கு எவ்வளவு சத்தமாகப் பேசத் தெரியும் என்பது ஞாபகம் வரும்.

குட்டியைக் கொண்டுவந்தது அவள்தான். சர்வீஸ் ரோட்டில் தாய் நாய் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. மூன்று குட்டிகளில் இரண்டு போய், இது ஒன்றுதான் மிஞ்சியது. துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்தாள். "குண்டா, பாரோ" என்று, 'வாடா' என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கூப்பிட்டால் தத்தித் தத்தி வரும். வயிற்றைப் பார்த்து வைத்த பெயர். நாங்கள் மூவருமே ஒல்லி, அறையில் ஒரு குண்டன் இருக்கட்டுமே என்று ஆசை.

பிழை அங்கேதான் ஆரம்பித்தது. கம்பெனியில் ஷிப்ட் முடித்துப் போகும்போது ஒரு திருகை மாற்றினால்கூட நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும். அந்த ஒழுங்கை நாங்கள் அறைக்குக் கொண்டுவரவே இல்லை. குட்டிக்கு ஆளுக்கொரு சின்ன டம்ளர் பால் என்று பேச்சு. வயிறு நாளுக்கு நாள் உப்பியதைப் பார்த்து, மாதேவியும் ரஹ்மத்தும் அளவுக்கு மீறி ஊட்டுகிறார்கள் என்று நான் நினைத்தேன். என் பங்கைக் குறைத்தேன். மாதேவி, நாங்கள் இருவரும் ஊட்டுகிறோம் என்று நினைத்து அவள் பங்கைக் குறைத்தாள். ரஹ்மத்தும் அப்படியே. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. குட்டி பசியில் கத்தினால், பேராசைக்காரன் என்று செல்லமாகத் திட்டினோம்! அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதில் நான் செய்தது இன்னும் ஒரு படி மேல். டம்ளரை அரையாக்கி, பிறகு காலாக்கினேன். மிச்சப் பால் என் இரண்டாவது காபிக்குப் போனது.

முடி பொலிவிழந்து முள்ளாக நின்றது. முதுகைத் தடவினால் எலும்பு கையில் இடறியது. வயிறு மட்டும் பறைபோல இறுகி இருந்தது. ஒருநாள் காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது குண்டா பாய் ஓரத்தில் வாந்தி எடுத்திருந்தது. வெந்த சேமியாவைப் போல வெள்ளையாக இருந்தது. நான் கொடுக்காத சேமியாவை யார் கொடுத்தது என்று குனிந்து பார்த்தேன். அது நெளிந்தது.

மாதேவி முதல் ஷிப்டில் இருந்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்த ரஹ்மத்தை எழுப்பி, ஆட்டோ பிடித்து, அரசுக் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். குட்டி தலையைத் தூக்கவில்லை. அங்கே இருந்த டாக்டரம்மா அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது.

"இது கொழுப்பு இல்லம்மா, புழு. தாய் வயித்துலயே வந்திருக்கும், பால்லயும் வந்திருக்கும். குடுக்குற சத்தையெல்லாம் அது எடுத்துக்குது. சரி, எவ்வளவு குடுக்குறீங்க?"

"நான் அரை டம்ளருதாங்க. வயிறு பெருசா இருந்ததுன்னு கொறைச்சிட்டன்" என்றாள் ரஹ்மத். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "ஒரு டம்ளர் டாக்டர். முழுசா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப பரவால்ல, மருந்தைத் தாங்கும். ஒரேயடியா பட்டினி கிடந்த குட்டின்னா முழு அளவு குடுக்க மாட்டேன். புழுவெல்லாம் ஒண்ணா செத்து குடலை அடைச்சுக்கும், பிழைக்காது." குட்டியை எடைபோட்டார். ஒரு கிலோகூட இல்லை. அந்த எடைக்குக் கணக்குப் பார்த்துச் சீட்டெழுதினார். மதியம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸ் தண்ணீர், நாலு மணிக்கு மருந்து, பதினைந்து நாள் கழித்து மறுபடி. குட்டியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அது மனிதருக்கும் வரும் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுச் சீட்டோடு எதிரே இருந்த மருந்துக் கடைக்கு ஓடினேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனக்கு இரண்டு மணி ஷிப்ட். கம்பெனி வாசலில் போனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் மண்டையில் ஏறியது. நாலு மணிக்கு ரஹ்மத் என் வார்த்தையை நம்பி முழு மருந்தையும் ஊற்றப்போகிறாள். எதிரே கடிகாரம். இரண்டு நாற்பது. மூன்று பத்து. இரண்டு பாகங்களைத் தலைகீழாகப் பொருத்தினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் குட்டியை நான்தான் கொல்லப்போகிறேன்.

மூன்றரைக்கு எழுந்துபோய் சூப்பர்வைசரிடம் நின்றேன். "சார், ஒரு போன் பேசணும். தம்பிக்கு ரொம்ப முடியல." எனக்குத் தம்பியே கிடையாது. அவர் என் முகத்தைப் பார்த்து, செக்யூரிட்டி அறை போனில் பேச அனுமதித்தார். நல்லவேளை, கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது ரஹ்மத்தின் நம்பரில், அதனால் அது மனப்பாடம். முதல் தடவை மணி அடித்து அடித்து நின்றது. இரவெல்லாம் விழித்தவள், தூங்கிவிட்டாளோ? கடிகாரத்தில் மூன்று ஐம்பது. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"ரஹ்மத்து, மருந்து குடுத்துட்டியா?"

"இன்னும் நாலு ஆவல. ஏண்டி?"

"டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்டி. முழு டம்ளர் இல்ல. கால் டம்ளர்தான் ஊத்துனேன். மிச்சத்த காப்பி போட்டுக் குடிச்சுப்புட்டேன்."

செக்யூரிட்டி அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தம்பிக்குக் கால் டம்ளர் பால் ஊற்றிய அக்கா!

ரஹ்மத் நிதானமாகச் சொன்னாள். "தெரியும்டி. தெனமும் பால் பாக்கெட்ட வெட்டறது நாந்தான? எவ்ளோ கொறையுது, எங்க போவுதுன்னு எனுக்குத் தெரியாதா? நீ முழுசுன்னு சொன்னப்பதான் கணக்குப் போட்டுப் பாத்தன். நீ மருந்துக் கடைக்குப் போனப்பவே டாக்டருகிட்ட சொல்ட்டன். இன்னிக்குப் பாதிதான் குடுக்கச் சொன்னாங்க, மீதி மூணு நாள் கழிச்சி. நீ போயி வேலையப் பாரு."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"டாக்டருக்குத் தெரிஞ்சா போதும்னு உட்டுட்டன்."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். செக்யூரிட்டி அண்ணன் தண்ணீர் கொடுத்து, தம்பி பிழைத்துவிடுவான் என்று ஆறுதல் சொன்னார்.

அடுத்த நாள் காலை புழுக்கள் கட்டுக்கட்டாக வெளியே வந்தன. அதன்பிறகும் மூன்று நாள் பிழைக்குமா என்று சொல்ல முடியாமல்தான் இருந்தது. மீதி மருந்தும் உள்ளே போய், ஐந்தாம் நாள் உதட்டைத் தூக்கினால் ஈறில் லேசாக ஒரு சிவப்பு. மாதேவி போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

ஒப்பந்தம் முடிந்ததும் மாதேவி குண்டாவைத் தன்னோடு மலைக்குக் கூட்டிப்போனாள். யானை வந்தால் முதலில் கட்டிலுக்கு அடியில் ஓடுவது அவன்தான் என்று ரொம்ப நாள் போனில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரஹ்மத் கல்யாணமாகிப் போனாள். மனப்பாடமாக இருந்த அந்த நம்பரில் இப்போது யாரோ ஓர் ஆண் தெலுங்கில் பேசுகிறார். நாங்கள் குடியிருந்த அந்த வரிசை வீடுகளை இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள்.

எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் போய்விடவில்லை. இப்போது என்னைச் சுற்றி இருப்பவர்களில் சிலர் அதை நம்பிவிடுகிறார்கள், சிலர் கையும் களவுமாகப் பிடித்து எல்லோர் முன்னாலும் வைக்கிறார்கள். தெரிந்துகொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் பொய்யால் ஓர் உயிர் போகாதபடி பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.