நூல் கட்டிய வயர்

சண்டை முடிந்து ஊர் திரும்பிய முதல் ஆண்டுகளில், மன்னாரில் கொம்பியூட்டர் திருத்த ஒரு பெண் வந்தால், அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்தபோது நான் படித்த தொழில் அது. அந்தப் பார்வைக்காகவே கொஞ்சம் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

பேசாலைக் கரையில் ஒரு வீடு. கணவர் கடலுக்குப் போயிருந்தார். மனைவி கதிரையை இழுத்துப் போட்டார்.

"சத்தம் வருகுதில்லைப் பிள்ளை. மகளோட கடைசியா இருந்த பிள்ளையொண்டைக் காண அவர் வவுனியா போட்டு வந்து மூண்டு கிழமை. அண்டையில இருந்து இப்பிடித்தான்."

மகள் கடைசிச் சண்டையில் காணாமல் போனவள். கோயிலில் அவள் பாடிப் பதிந்த ஒரு சீடித் தட்டு மட்டும் தாயின் கையில் மிஞ்சியிருந்தது. காலையில் அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவாராம்.

"நடுவில நான் கதைச்சு அவளிட்டை ஏச்சு வாங்கினதும் அதில கிடக்கு. குரலைக் கேட்டால் எங்கயோ இருக்கிறாள் எண்டு மனம் சொல்லுது."

ஒலியளவைப் பார்த்தேன், சரி. ஒலிக்கான மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். பெட்டியைக் கழற்றித் தூசி தட்டினேன். ஒரு மணிநேரம் போன பிறகுதான் மேசைக்குப் பின்னால் குனிந்து ஸ்பீக்கர் வயரைப் பார்த்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

வயர் இரண்டாகக் கிடந்தது. எலி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வெட்டு நேராக இருந்தது. இரண்டு நுனிகளையும் தனித்தனியே, இழை பிரியாதபடி வலை நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது. வெட்டிய கயிற்றின் நுனியைக் கட்டாமல் விட எங்கள் கரையில் எந்தக் கடற்தொழிலாளிக்கும் மனம் வராது. வெட்டியது கணவர்தான். அவர் ஏன் இதைச் செய்தார் என்று யோசித்திருக்கலாம். யோசிக்காமல் நூலை அறுத்து வயரைப் பொருத்தினேன். அந்த நூலை அறுத்த பாவம் இன்னும் என்னை விடவில்லை.

பாட்டு எழும்பியது. தாய் கண்ணை மூடிக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணவர் கடலால் வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. மனைவியைப் பார்க்காமல் என்னிடம்தான் சொன்னார்.

"நிப்பாட்டுங்கோ பிள்ளை. இன்னும் பத்து நாள் கிடக்கு. முப்பத்தொண்டு கழியட்டும், நானே வயரைப் பூட்டுறன்."

செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள் வரை பாட்டு வைப்பதில்லை. எங்கள் ஊரில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தாய் எழுந்தார். "ஆருக்கு முப்பத்தொண்டு?"

அவர் வாசற்படியிலேயே குந்தினார்.

"சொல்லுங்கோ, ஆருக்கு?"

பாட்டு நடுவில் நின்றது. ஸ்பீக்கரில் மகளின் குரல் செல்லக் கோபத்தோடு வந்தது.

"அம்மா, கதையாதேங்கோ. பதியுது."

தாய் திறந்த வாயைப் பொத்திக்கொண்டார்.