வீடு ஆகாத பிள்ளை

குழல்வாய்மொழிக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் மனம் ஆறாது. பிறந்த வீடான குற்றாலத்தில் வழுவழுவென்று இருந்த அவளுடைய கைப்பிள்ளைக்கு, தென்காசியில் புகுந்த வீட்டுக்கு வந்ததும் கன்னமெல்லாம் சிவந்து தடித்தது. மலத்தில் ரத்தம் கோடு கோடாகத் தெரிந்தது. தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் ருசி பார்க்காத பிள்ளை. ஒருமுறை குற்றாலம் போய்த் தேறித் திரும்பியபோதும் அதே கதைதான். பிள்ளைக்கு இந்த வீடு ஆகாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"நடை பழகுற வரைக்கும் அங்கனயே இரு" என்றான் கணவன் வேலாயுதம்.

அவனை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. முதலில் கிணற்றைச் சந்தேகப்பட்டு, குற்றாலத்துத் தண்ணீரை வரவழைத்துக் குடித்தாள். தடிப்பு அப்படியே இருந்தது. பிறகு இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் யோசித்தாள். அங்கே மாடு கிடையாது, பாலும் மோரும் சாப்பாட்டில் சேர்வதில்லை. இங்கே அவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று வேலாயுதம் ஆசையாக வாங்கிக் கட்டிய பசு நின்றது.

பால், மோர், நெய் எல்லாவற்றையும் நிறுத்தினாள். மெல்ல மெல்லக் கன்னம் தெளிந்தது, ரத்தமும் நின்றது.

"பசும்பால் குடிச்சது நீ. பிள்ளைக்கு எப்படிட்டி ஏறும்?" என்று சிரித்தான் வேலாயுதம்.

"பாத்துருவோம்" என்று அவன் கண்முன்னாலேயே ஒரு செம்புப் பாலைக் குடித்தாள். மறுநாளே தடிப்பு திரும்பி வந்தது.

வேலாயுதம் பிள்ளையின் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். "அப்போ நீ போகண்டாம்" என்றான்.

"போகல. எனக்குக் கருப்பட்டிக் காப்பி போதும், பாலை நீங்க குடிங்க. எப்படி ஏறுதுன்னுதான் இன்னும் பிடிபடல."