குப்பம்மாவின் மீதித் தண்ணீர்

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் குப்பம்மாவிடம் மீன் வாங்கப் போனால் கூடவே கொஞ்சம் திட்டும் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். வவ்வால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் போதும், "இன்னா டீச்சரம்மா, பொண்ணு பாக்க வந்தியா?" என்பாள். நான் கல்பாக்கம் குடியிருப்பில் பள்ளிக்கூட வேலை பார்த்தவள். எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன். அவளிடம் மட்டும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசினால் மீன் வெட்டித் தரமாட்டாள், அவளைப் போல வெட்ட அங்கே வேறு ஆள் கிடையாது. அரிவாள்மனை முன்னால் அவள் உட்கார்ந்தால் நான் பையை நீட்டக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அவள் கன்னத்தில் வெளிறிய தேமல் ஒன்று வந்தது. வலது முழங்கைக்குப் பக்கத்தில் இன்னொன்று. அந்த இடத்தில் கொதிக்கும் எண்ணெய் தெறித்தும் அவளுக்குச் சுடவில்லை. வீடு வீடாக வந்த சுகாதார ஊழியர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி இறகால் வருடிப் பார்த்தார். தொழுநோய் என்றார். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்துவிடும், பயப்படாதே என்றும் சொன்னார்.

கணவன் தேவா கட்டுமரத்தில் போகிறவன். அதிகம் பேசமாட்டான். "துன்னு, சரியாப் பூடும்" என்றதோடு சரி. அவள் மாத்திரை அட்டையை மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் ஒளித்துவைத்துத்தான் சாப்பிட்டாள். பெருவியாதி என்ற பேச்சு வெளியே போனால் அவள் கை பட்ட மீனை யார் வாங்குவார்கள்? அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் அந்தத் தேமல்களே சிவந்து, தடித்து, அனலாய்க் கொதித்தன. கன்னம் வீங்கிவிட்டது. முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை வலி இழுத்தது. முகத்தை மறைக்க வழியில்லாமல் அவள் நின்றபோது, பக்கத்து வீட்டுத் தமிழரசி பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, உனுக்கு அம்மா வந்துகிறா."

முத்து எதையும் காணோமே என்று ஒருத்தி இழுத்தாள். "முத்து உள்ளயே கீது" என்று தமிழரசி அடித்துச் சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பெயரைச் சொன்னால் ஊர் ஒதுங்கிப்போகும், இன்னொரு பெயரைச் சொன்னால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். குப்பம்மா இரண்டாவது பெயரைப் பிடித்துக்கொண்டாள். பாதி அவளே நம்பினாள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அம்மா இருக்கும் வீட்டில் மருந்து ஆகாது என்பதால் மிளகாய்த்தூள் டப்பா துணியில் சுற்றி வெளியே போனது. மீன் வாசனையும் ஆகாது என்று தேவா கடலுக்குப் போகாமல் வாசலில் படுத்துக்கிடந்தான்.

அம்மா இறங்கும்போது தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றுவார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில். முதல் தண்ணீர் அன்று, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. குப்பம்மா வலது கையால் சொம்பை மொண்டு தூக்கினாள். சொம்பு விழுந்தது. எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கிக் கிடந்தன. எவ்வளவு முயன்றும் சொம்பைப் பற்ற முடியவில்லை.

"படுத்தே கெடந்தயில்ல, அசதிக்கா" என்றாள் தமிழரசி.

குப்பம்மா வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தாள். தேவா எழுந்து வந்தான்.

"அம்மா தழும்பு போடுவா. கண்ணக்கூட எடுப்பா. வெரல எடுத்து நான் பாத்ததில்ல" என்றான். ஒரு துண்டை அவள்மேல் போர்த்தினான். "கெளம்பு."

பாதித் தண்ணீரில் விட்டுப்போனால் குற்றம் என்று பெண்கள் கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற பஸ்ஸில் அவளை ஏற்றி, வழி முழுக்க அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனான்.

தொழுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வத்சலா அவள் முழங்கை நரம்பைத் தொட்டதும் குப்பம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மாத்திரதான் இப்டி பண்ணிச்சா டாக்டரம்மா?"

"இல்லம்மா. இந்தக் கிருமி வெளியில திரியாது. உடம்போட செல்லுக்குள்ளயே, நரம்புக்குள்ளயே குடியிருக்கும். உள்ள பதுங்கி இருந்ததால உங்க உடம்பு இத்தனை நாள் அதைச் சரியாக் கண்டுக்கல. மாத்திரை அதை உடைக்க ஆரம்பிச்சதும் உடம்பு முழிச்சிக்கிச்சு. இப்ப அதைத் தேடித்தேடி அடிக்குது. அதான் இந்தச் சிவப்பும் வீக்கமும்."

"என் ஒடம்பா என்னை அடிக்குது?"

"உங்களுக்காகத்தாம்மா அடிக்குது. கொஞ்சம் கண்ணுமண்ணு தெரியாம அடிக்குது."

தேவா ஆஸ்பத்திரிக்கு வந்தபின் முதல்முறையாக வாயைத் திறந்தான். "கூரையில பாம்பு பூந்துகினு இருந்துச்சு. இப்பப் பாத்துட்டு அடிக்கிறாங்கோ. அடிக்கிற அடியில வூடு இடியுது. அதானே டாக்டர்?"

"அதேதான். அடிக்கிறவங்களை அமைதிப்படுத்த ஒரு மாத்திரை தரேன். பாம்பைக் கொல்ல அந்தப் பழைய மாத்திரை. ரெண்டுல எதையும் விடக்கூடாது."

"வெரலு வருமா?" என்று குப்பம்மா கேட்டாள். மீன் வெட்டுகிறவளுக்கு அதைவிட்டால் கேட்க வேறு என்ன இருக்கிறது?

"வலி வந்த உடனே வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன். இப்ப, பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' பல மாதம் நீண்டது. தினமும் சாயங்காலம் தேவா கரையில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் தொடைமேல் வைத்து, எண்ணெய் தடவி, ஆஸ்பத்திரியில் காட்டிக்கொடுத்தபடி மடங்கிய விரல்களை மெல்ல நீவி நீட்டுவான். நாலு பேர் பார்க்க அவள் கையை அவன் பிடித்தது கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான் என்று நினைக்கிறேன். புது மாத்திரையில் அவளுக்கு அசுரப் பசி, முகம் உப்பி வட்டமாகிவிட்டது.

"இன்னாயா, பன்னு மாதிரி ஊதிகினு கீறேன்."

"நல்லாத்தான் கீற" என்பான்.

அவள் டீ கிளாஸைத் தூக்கினால் அடியில் அவன் உள்ளங்கை காத்திருக்கும். பையைத் தூக்கினாலும் அப்படித்தான். மார்க்கெட்டில் அவளுக்குப் பதில் அவனே அரிவாள்மனையில் உட்கார்ந்தான். வஞ்சிரத்தை அவன் வெட்டிக் கொடுத்த லட்சணத்தைச் சொல்லி முடியாது. விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு வரவேண்டிய திட்டையெல்லாம் அவனே வாங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் திட்டத் திட்ட, என் கண் அந்த மடங்கிய விரல்களுக்கே போகும்.

அடுத்த ஆடியில் ஒருநாள் குப்பம்மா அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டாள். என்னையும் வரச் சொன்னாள். முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா இது?" என்றாள் தமிழரசி.

"மீதித் தண்ணி." குப்பம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "எனக்கு வந்தது அம்மா இல்ல தமிழு. பெருவியாதி. இன்னும் மாத்திர துன்னுகினுதான் கீறேன். அவ பேரச் சொல்லி ஒளிஞ்சிகினேன். ஒளியவும் எடம் குடுத்தா, கையும் போவாம பாத்துகினா. அவ தண்ணிய பாதியில வுட எனக்கு மனசு வரல. இனிமே என்கிட்ட மீன் வாங்குறதும் வாங்காததும் அவங்கவங்க இஷ்டம்."

ஒருத்தி தன் குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். தமிழரசி வாசல் வேப்பமரத்தில் ஒரு கொத்து இலை பறித்து வந்து, உருவி அண்டாவில் போட்டாள்.

"ஊத்திக்கக்கா" என்றாள்.

குப்பம்மா வலது கையால் சொம்பை மொண்டாள். மோதிர விரல் சேர்ந்து பற்றியது, சுண்டுவிரல் மட்டும் மடங்கியே நின்றது. சொம்பு மேலே ஏற ஏற, அதற்கு அடியில் தேவாவின் உள்ளங்கையும் கூடவே ஏறியது.

"கைய எடுயா" என்றாள்.

அவன் தயங்கினான்.

"எடுன்றேன்."

எடுத்தான். சொம்பு அசையாமல் மேலே போய் அவள் தலையில் கவிழ்ந்தது. தண்ணீர் முகத்தில் வழிய அவள் கண்ணைத் திறந்து பார்த்தபோது, தேவா எடுத்த கையால் தன் முகத்தை மூடிக்கொண்டு நின்றான்.