ஐப்பசியில் வந்த தவக்காலம்

உலகத்துக் கத்தோலிக்கர்களுக்கெல்லாம் தவக்காலம் மாசி, பங்குனியில் வரும். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு வருஷம் அது ஐப்பசி மாதத்தில், அடைமழையோடு வந்தது. போப்பாண்டவருக்குத் தெரியாது. எங்கள் பங்குச் சாமியாருக்கும் தெரியாது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே இருந்த காலனியில் எங்கள் வீடு. காலனியில் பாதிப்பேர் வேதக்காரர்கள், பாதிப்பேர் இந்துக்கள். யாருக்கும் சொந்தமாகக் கழனி கிடையாது. ஊர்க்காரர்களின் கழனியில் நாற்று நடுவதும் களை எடுப்பதும்தான் பெண்களுக்கு வேலை. அப்பா பக்கத்தில் ஒரு கல்குவாரியில் இருந்தார். அதை மூடியதும், ஆந்திராப் பக்கம் ஒரு குவாரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். போன புதிதில் வாரம் தவறாமல் எதிர்வீட்டு அத்தையின் செல்போனுக்குக் கூப்பிடுவார். அத்தை என்றால் சொந்தம் ஒன்றும் இல்லை, கூப்பிட்டுப் பழகிய முறை. பிறகு அது மாதத்துக்கு ஒருமுறை ஆனது. அதற்கும் பிறகு, அந்தப் போன் அடித்தாலே நான் எழுந்து ஓடுவதும், அத்தை தன் வாசலில் நின்றபடி "உங்களுக்கு இல்லடி" என்று கையை ஆட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

அந்த வருஷம் மழை பிடித்தது பிடித்தபடி விடாமல் பெய்தது. கழனியில் வேலை இல்லை. நூறு நாள் வேலையும் நின்றுபோயிற்று. ரேஷன் கார்டில் எங்கள் பெயர் தாமலில் இருந்த பெரியப்பா குடும்பத்தோடு சேர்ந்திருந்தது. அங்கே போய் எங்கள் பங்கு அரிசியைக் கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. இதெல்லாம் நான் பின்னால் கூட்டிக் கழித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், விளக்கு வைக்கிற நேரமாகியும் அம்மா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான். சோறு எப்போது என்று கேட்டேன்.

"இன்னிலருந்து நமக்கு ஒருசந்தி" என்றாள்.

ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. தவக்காலத்தில் பெரியவர்கள் பிடிப்பார்கள். சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு கண்.

"இப்ப தவக்காலம் இல்லியேம்மா?"

"ஊருக்கு இல்ல. நமக்குக் கீது. நைனா நல்லபடியா வூடு வந்து சேரணும்னு நேந்துக்கினு கீறேன். நீயும் நானும் புடிக்கிறோம். வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத, பலன் பூடும்."

"அப்ப நமக்கு எப்ப ஈஸ்டர்?"

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. தவக்காலம் என்று இருந்தால் அதன் முடிவில் ஈஸ்டர் வந்தாக வேண்டும். "நைனா வர அன்னிக்குதான் ஈஸ்டர்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் யாருக்கும் இல்லாத தவக்காலம், எட்டு வயதில் ஒருசந்தி, முடிவில் அப்பா! அன்றைக்கு வெறும் வயிற்றோடு படுத்தும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து தவக்காலத்தை நடத்துகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள் இல்லையா, எங்கள் வீட்டில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தையும் மூட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அம்மா என்னுடைய பழைய ஊதாப் பாவாடையைக் கிழித்துக் கொடுத்தாள். தவக்காலத்தில் அல்லேலூயா பாடக்கூடாது. அம்மா ஒருநாள் பாத்திரம் தேய்த்தபடி மறதியாகப் பாடிவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் கையிலிருந்த குண்டானைக் கீழே போட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு உண்டு. எங்கள் ஒருசந்தியின் அந்த ஒரு வேளை எனக்கு அதுதான். ஆனால் முட்டை கொடுக்கிற அன்றைக்கு நான் வேண்டாம் என்றுவிடுவேன். சுத்தபோசனம்! கவுச்சி கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் என் முட்டையையும் சேர்த்து முழுங்குவாள். நான் புனிதை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, பாராட்டுவாள் என்று நினைத்தேன். "லூசாடி நீ? குடுத்தா துன்னுட்டு வா" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அம்மாவுக்குப் பக்தி போதாது என்று எனக்கு அன்றே சந்தேகம் வந்தது.

சாயங்காலங்கள்தான் பெரிய பேஜாராக இருந்தன. அதுவரை பொழுது போனால் எதிர்வீட்டில் போய் டிவி பார்ப்பேன். ஒருசந்தி தொடங்கியதும் அம்மா அதை நிறுத்திவிட்டாள். சோற்று நேரத்தில் அடுத்தவர் வீட்டுப் படி ஏறக்கூடாது என்றாள். நான்கு பக்கமும் அடுப்பு எரியும், கருவாடு வறுக்கிற வாசனை வரும், டிவியில் யாரோ சிரிப்பார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். அம்மாவும் யாரிடமும் பேசப் போவதில்லை. பேசினால் "வூட்டுக்காரரு எப்ப வராரு?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். மழைச் சத்தத்தில் அந்த ஒரே அறை வரவர பெரிதாகிக்கொண்டே போகும். எனக்கு அழுகை அழுகையாக வரும்.

ஒருநாள் அப்படி நான் மூக்கை உறிஞ்சியபோது அம்மா எழுந்து, "வா, செலுவப்பாத பண்ணலாம்" என்றாள். கோயிலில் சுவரெங்கும், ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியின் பதினான்கு ஸ்தலங்களும் படமாக இருக்கும். எங்கள் வீட்டில் ஏது? தண்ணீர் டிரம்மை முதல் ஸ்தலம் என்று வைத்துக்கொண்டோம். ஆட்டுக்கல் இரண்டாவது. துணிக்கொடி, அரிவாள்மணை, அப்பாவின் பழைய செருப்பு, ஒழுகுகிற இடத்தில் வைத்த வாளி என்று ஒவ்வொன்றின் முன்னும் முழங்கால் போட்டு, கும்பிட்டு, எழுந்து நடந்தோம். ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற ஸ்தலத்தில், ஈரத்தரையில் அம்மாவே வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாவும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாவம் பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே சிரித்தோம். அதன்பிறகு தினமும் சாயங்காலம் எங்களுக்குச் சிலுவைப்பாதைதான். அம்மா முழங்காலில் இருக்கும்போது அவள் முகம் பகலில் இருக்கிற மாதிரி இருக்காது. தெளிந்திருக்கும். பசித்துக் கிடந்த இரண்டு பேர் அந்த அறையில் சந்தோஷமாக இருந்தோம் என்று இப்போது சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை.

எங்கள் காலனிக் கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் பூசைக்கு வருவார். அந்த மாதம் மழையில் நனைந்துகொண்டே பைக்கில் வந்தார். பூசை முடிந்ததும் பிள்ளைகளெல்லாம் வரிசையில் போய் நெற்றியில் சிலுவை வாங்கினோம். என் முறை வந்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வெளியில்தானே சொல்லக்கூடாது, சாமியாரிடம் சொன்னால் அது வெளியா?

"ஃபாதர், நீங்க இன்னாத்துக்குப் பச்ச அங்கி போட்டுக்கினு வந்தீங்க? எங்க வூட்ல ஊதாதான்."

சாமியார் சிரித்தார். "ஏம்மா, உங்க வீட்ல என்ன விசேஷம்?"

"தவக்காலம். நானும் எங்கம்மாவும் ஒருசந்தி. ராவுல அடுப்பே மூட்டமாட்டோம்."

சாமியாரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்து என் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். என் தலையில் கையை வைத்து, வழக்கத்தைவிட அதிக நேரம் மந்திரித்தார். வழியெல்லாம் அடி விழும் என்று பயந்துகொண்டே வந்தேன். அடி விழவில்லை.

மறுநாள் கோயில் உபதேசியார் சைக்கிளில் ஒரு மூட்டை அரிசியும் பருப்பும் கொண்டுவந்து இறக்கினார். "ஃபாதர் குடுக்கச் சொன்னாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா வெகுநேரம் மூட்டையைத் தொடாமல் நின்றாள். பிறகு அடுப்பு மூட்டினாள். அன்று இரவு சோறு போட்டபோது நான் தட்டைத் தள்ளிவிட்டேன். தவக்காலம் என்ன ஆனது?

"சாமியாரே அனுப்பிச்சா பாவம் இல்ல. சின்னப் புள்ளைங்களுக்குப் பாதி ஒருசந்தி போதும். நான் புடிக்கிறேன், நீ துன்னு."

அப்படியே செய்தாள். அரிசி இருந்தபோதும், மழை விட்டுக் களையெடுப்பு தொடங்கிக் கூலி வந்தபோதும், அம்மா ஒரே வேளைதான் சாப்பிட்டாள். ஊதாத் துணியை எடுக்கவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஈஸ்டர் பாக்கி இருக்கிறது, அப்பா வந்தே தீருவார்.

அடுத்த மாதப் பூசைக்குச் சாமியார் ஊதா அங்கியில் வந்து நின்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஊதாதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. "பாத்தியாம்மா, ஃபாதர் நம்ம வழிக்கு வந்துட்டாரு" என்று அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா பூசைநேரம் என்றும் பாராமல் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

காலனியில் வீட்டுக்கு வீடு ஸ்டார் கட்ட ஆரம்பித்த சமயத்தில் அந்தப் போன் வந்தது. இந்த முறை அத்தை கையை ஆட்டவில்லை. என்னைத் தாண்டி அம்மாவைக் கூப்பிட்டாள். நானும் ஓடினேன். அத்தை என் தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். அம்மா வேப்பமரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். அப்பாவுக்கு அங்கே வேறொரு குடும்பம் ஆகிவிட்டது, இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்று அவரோடு வேலை செய்த ஒருவர் சொன்ன செய்தி அது. நான் பெரியவளான பிறகுதான் அத்தை எனக்கு அதைச் சொன்னாள். அன்று அம்மா வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, என்னையும் கூப்பிடாமல் தனியாக ஸ்தலம் ஸ்தலமாக முழங்கால் போட்டாள். நான் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோரிடத்திலும் எழுந்திருக்க அவளுக்கு நேரமானது.

விடிந்ததும் என்னை எழுப்பியது பாட்டுச் சத்தம். அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, திருஇருதயப் படத்தின் துணியை எடுத்து மடித்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். வாய்விட்டு அல்லேலூயா பாடிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு ராகம் என்றைக்கும் நிற்காது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஆனாலும் பாடினாள்.

"எயுந்திரு பாப்பா. இன்னிக்கு நமக்கு ஈஸ்டர்."

"இன்னும் கிறிஸ்மஸே வரலியேம்மா. சாமி பொறக்கவே இல்ல, அதுக்குள்ள எப்டி உயிர்த்தாரு?"

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். என் கன்னத்தில் சூடாக ஏதோ விழுந்தது. எனக்கு அதிலெல்லாம் கவனமில்லை. ஈஸ்டர் என்றால் அப்பா! பல்கூட விளக்காமல் பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு ஓடினேன்.

உத்திரமேரூரிலிருந்து வருகிற பஸ் ஒவ்வொன்றையும் பார்த்தேன். உர மூட்டையோடு இறங்கினார்கள், பெரிய பேப்பர் ஸ்டாரை வளையாமல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இறங்கினார்கள். மத்தியானம் எதிர்வீட்டு அத்தை வந்து கூப்பிட்டாள், நான் போகவில்லை. வெயில் தாழ்ந்தபிறகு அம்மாவே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு பஸ் வந்து போனது.

"நைனா வரலியேம்மா. அவரு வந்தாதான் ஈஸ்டர்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். தப்பா சொல்லிட்டேன் பாப்பா. அவரு வராட்டியும் ஈஸ்டர் வரும். வா போலாம், எனக்குப் பசிக்கிது."

பசிக்கிறது என்று அம்மா சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டில் சோறும் பருப்பும், எதிர்வீட்டு அத்தை கொடுத்தனுப்பிய மீன் குழம்பும் இருந்தன. எனக்கு அம்மாவின்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தேதியைத் தப்பாகச் சொன்னது போதாதென்று சிரிப்பு வேறு. நான் சாப்பிடமாட்டேன், எனக்கு இன்னும் ஒருசந்திதான் என்றேன். அம்மா கெஞ்சவில்லை, அடிக்கவுமில்லை. "எப்ப தோணுதோ அப்ப துன்னு" என்று என் தட்டை மூடி வைத்தாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். இவள் நேர்த்தியை முறித்துவிட்டாள், இனிமேல் அப்பா வராமல் போனால் அது இவளால்தான் என்று நினைத்துக்கொண்டு, அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்வதை நான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.